அரையிறுதியில் ஜெயிக்க வேண்டியதில்லை

2009 ஆகஸ்டில் பெர்லினில் உலகத் தடகளச் சாம்பியன்ஷிப் நடந்தபோது கென்யாவின் டேவிட் ருடிஷாவுக்கு 20 வயது. 800 மீட்டரில் அவர் அரையிறுதியைத் தாண்டவில்லை. அவர் இல்லாத இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவின் முபுலேனி முலாவ்ட்சி 1 நிமிடம் 45.29 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். அடுத்த மாதமே இத்தாலியின் ரியேட்டி நகரில் ருடிஷா அதே தூரத்தை 1:42.01-இல் முடித்து ஆப்பிரிக்கச் சாதனை படைத்தார். மறு ஆண்டு ஆகஸ்டில் அதே பெர்லினில் 1:41.09 என்று உலக சாதனையையே தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். ரியேட்டி ஓட்டத்தையும் பெர்லின் தங்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் மூன்று விநாடிக்கு மேல். ஓடுதளத்தில் அது ஏறத்தாழ 25 மீட்டர். இவ்வளவு வேகம் கையிருப்பில் உள்ள ஒருவர் எப்படி எட்டுப் பத்துப் பேருக்குள் வராமல் போவார்? அன்றைக்கு உடம்பு சரியில்லை, அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் பெரிய போட்டிகளில் இப்படிப்பட்ட விபத்துகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன; அதுவும் பெரும்பாலும் இறுதிக்கு முந்தைய சுற்றுகளில். 800, 1500 மீட்டர் அரையிறுதிகளுக்கென்று தனி இலக்கணம் ஒன்று உண்டு. அங்கே மிகப் பெரிய சொத்து கடைசி 200 மீட்டரில் தன் விருப்பப்படி ஓடக்கூடிய ஓர் இடம். அந்த இடத்துக்காக முன்கூட்டியே கொஞ்சம் சக்தியைச் செலவழிக்கத் தெரிந்தவர் தப்பிக்கிறார். எல்லாவற்றையும் சேமித்து வைத்துக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்தான், எவ்வளவு வேகம் இருந்தாலும், மாட்டிக்கொள்கிறார்.

முதலில் விதிகள். ஒலிம்பிக் 800 மீட்டரில் மூன்று அரையிறுதிகள். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நேராக இறுதிக்குப் போவார்கள். அது ஆறு பேர். மிச்சமுள்ள இரண்டு இடங்கள், மூன்று அரையிறுதிகளையும் சேர்த்துப் பார்த்து, மற்றவர்களில் வேகமான நேரம் எடுத்த இருவருக்கு. முடிவுப் பட்டியலில் இடத்தால் தகுதி பெற்றவர் பெயருக்குப் பக்கத்தில் பெரிய க்யூ எழுத்தும், நேரத்தால் தகுதி பெற்றவருக்குச் சின்ன க்யூ எழுத்தும் இருக்கும். 1500 மீட்டரிலும் வெகுகாலம் இதே கலப்பு முறைதான்: இரண்டு அரையிறுதிகள், ஒவ்வொன்றிலும் முதல் ஐவர், அடுத்த வேகமான இருவர் என்று பன்னிரண்டு பேர். 2023 புடாபெஸ்ட் உலகச் சாம்பியன்ஷிப்பில் இது மாறியது. 1500 மீட்டரில் நேரக் கணக்கு நீக்கப்பட்டு, ஒவ்வோர் அரையிறுதியிலும் முதல் ஆறு பேர் மட்டுமே இறுதிக்கு என்றானது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இன்னொரு புதுமை. முதல் சுற்றில் தகுதி பெறாதவர்களுக்கு மறுவாய்ப்புச் சுற்று ஒன்று வைத்தார்கள். ஆண்கள் 800 மீட்டர் நடந்தது ஆகஸ்ட் 7 முதல் 10 வரை. மறுவாய்ப்பில் தப்பி இறுதிவரை போகிறவர் நான்கே நாட்களில் நான்கு பந்தயம் ஓட வேண்டும். முதல் சுற்றிலேயே தேறியவருக்கு ஒருநாள் ஓய்வு. ஆக, எந்தச் சுற்றில் எவ்வளவு செலவழிப்பது என்ற கணக்கு, ஓட்டக்காரரின் மனதில் முதல் நாளே ஓடத் தொடங்கிவிடுகிறது.

அரையிறுதியில் முதலாவதாக வருவதற்குத் தனிப் பரிசு எதுவும் இல்லை. முதல் ஆறு பேருக்கு வழி திறந்திருக்கும்போது ஆறாவதாக வருபவரும் முதலாவதாக வருபவரும் இறுதியில் ஒரே கோட்டில்தான் நிற்பார்கள். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் 1500 மீட்டர் அரையிறுதியில் கென்யாவின் ஆபெல் கிப்சாங் 3:31.65 என்று ஒலிம்பிக் சாதனையே படைத்தார். சாதனை இரண்டு நாள் நிலைத்தது. இறுதியில் நார்வேயின் யாக்கோப் இங்கெபிரிக்ட்சன் 3:28.32-இல் வென்றார், கிப்சாங் தன் அரையிறுதியைவிட வேகமாகவே ஓடியும் நான்காவது. அரையிறுதியில் வேகமாக ஓடியதால்தான் பதக்கம் போயிற்று என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அந்த வேகம் அவருக்குக் கூடுதலாக எதையும் வாங்கித் தரவில்லை என்பது மட்டும் உறுதி. இதனால்தான் தேர்ந்த ஓட்டக்காரர்கள் அரையிறுதியின் கடைசி முப்பது மீட்டரில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். பின்னால் யாரும் நெருங்கவில்லை என்று தெரிந்ததும் கைவீச்சைத் தளர்த்திவிடுகிறார்கள். பார்வையாளருக்கு அது திமிராகத் தெரியலாம். அவர்களுக்கோ அது நாளை மறுநாளுக்கான சேமிப்பு.

சேமிப்பு என்ற இந்த எண்ணம் எங்கே வழி தவறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஓடுதளத்தின் அளவுகளைப் பார்க்க வேண்டும். ஒரு பாதையின் அகலம் 1.22 மீட்டர். வளைவில் உள்விளிம்பை ஒட்டி ஓடுபவரைவிட ஒரு பாதை தள்ளி ஓடுபவர், ஒவ்வொரு வளைவிலும் சுமார் 3.8 மீட்டர் அதிகம் ஓடுகிறார். 800 மீட்டரில் முதல் வளைவு மட்டும் அவரவர் பாதையில். அதற்குப் பிறகு எல்லோரும் உள்ளே சேர்ந்துகொள்ளலாம். மீதமுள்ள மூன்று வளைவிலும் ஒரு பாதை வெளியே ஓடினால் சுமார் 11 மீட்டர் வீண். 1:45 வேகத்தில் அது ஒன்றரை விநாடி. 1500 மீட்டரில் ஏழு வளைவுகள், எனவே இழப்பு 26 மீட்டருக்கு மேல். உள்விளிம்பு சிக்கனம் என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதனால்தான். முன்னே ஒருவர் காற்றை வாங்கிக்கொள்ள, அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வது இன்னும் சிக்கனம். இந்த இரண்டையும் முழுமையாகக் கடைப்பிடிப்பவர் எங்கே போய் நிற்பார்? கூட்டத்தின் நட்டநடுவில், உள்விளிம்போரமாக. இடப்பக்கம் விளிம்பு, முன்னால் ஒரு முதுகு, வலப்பக்கம் ஒரு தோள், பின்னால் மூச்சுச் சத்தம். கடைசிச் சுற்று மணி அடித்து வெளியே இருப்பவர்கள் வேகத்தைக் கூட்டும்போது இவருக்குக் கால் இருக்கிறது, வழி இல்லை. நகரப் பேருந்தில் பழகியவர்கள், இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே படிக்கட்டுப் பக்கம் நகர்ந்து நின்றுகொள்வார்கள். அரையிறுதியில் செய்ய வேண்டியதும் அதுதான். கடைசி 400 மீட்டருக்கு முன்பாகவே முன்வரிசையில் இருப்பவரின் வலத்தோளுக்கு அருகே வந்துவிட வேண்டும். அதற்கு ஒரு வளைவில் நான்கு மீட்டர் கூடுதலாக ஓட நேர்ந்தால், அதைச் சுதந்திரத்துக்குக் கொடுத்த விலையாக எண்ணிக்கொள்ளலாம்.

இந்த விலையைக் கொடுக்காதவருக்கு என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கோல் ஹாக்கரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. காரணம், ஒரே பழக்கம் அவரை ஒருமுறை தூக்கிவிட்டது, மறுமுறை கீழே தள்ளியது. பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில் இங்கெபிரிக்ட்சன் முன்னே இழுத்துக்கொண்டு ஓட, ஹாக்கர் கடைசி நேர்ப்பாதையில் உள்பக்கமாக நுழையப் பார்த்தார். இடைவெளி மூடிக்கொண்டது. சற்றுத் தயங்கி, களைத்துப்போன இங்கெபிரிக்ட்சன் வெளியே விலகியதும் மறுபடி அதே உள்பக்கம் பாய்ந்து 3:27.65-இல் ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வென்றார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் டோக்கியோவில் உலகச் சாம்பியன்ஷிப் அரையிறுதி. மீண்டும் கடைசி நேர்ப்பாதை, மீண்டும் உள்விளிம்பு, முன்னே மூடிய கதவு. இம்முறை கதவு திறக்கவில்லை. ஹாக்கர் இருவருக்கு நடுவே தோளால் வழி ஏற்படுத்திக்கொண்டு போனார். ஜெர்மனியின் ராபர்ட் ஃபார்க்கனை இடித்தார் என்று நடுவர்கள் அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். அவர் அன்று முதலிடத்துக்காகப் போராட வேண்டிய அவசியமே இல்லை. ஆறு பேருக்கு இடம் இருந்தது. சில நாள் கழித்து அதே ஊரில் 5000 மீட்டர் உலகப் பட்டத்தை வென்றதைப் பார்த்தால் உடம்பில் குறை எதுவும் இல்லை என்பதும் தெளிவு. குறை, மணி அடித்தபோது அவர் நின்ற இடத்தில் இருந்தது. இறுதியில் களைத்துப்போனவர்கள் விலகுவார்கள். வழி தானாகத் திறக்க வாய்ப்பு உண்டு. அரையிறுதியில் வேகம் குறைவு, எல்லோரிடமும் சக்தி மிச்சம், கூட்டம் கலைவதில்லை. இறுதியில் பலிக்கும் உத்தி அரையிறுதியில் பலிக்காமல் போவதற்கு இதுவே காரணம்.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது. இவ்வளவு சூட்சுமம் எதற்கு? முதல் அடியிலிருந்தே முன்னே போய் ஓடிவிட்டால் யார் இடிக்கப் போகிறார்கள், யார் அடைக்கப் போகிறார்கள்? லண்டன் 2012 இறுதியில் ருடிஷா அதைத்தான் செய்தார். தொடக்கத்திலிருந்து கடைசிவரை முன்னாலேயே ஓடி 1:40.91 என்று உலக சாதனை. எல்லோரையும்விட ஒரு படி மேலே இருப்பவருக்கு அது சரி. சமமானவர்கள் நடுவே அதன் விலை அதிகம். இந்தியாவுக்கு இது நன்றாகத் தெரிந்த பாடம். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் 800 மீட்டர் இறுதியில் ஸ்ரீராம் சிங் முதல் சுற்றை 50.85 விநாடியில் முன்னின்று கடந்தார். அந்த வேகத்தில் பின்தொடர்ந்த கியூபாவின் அல்பெர்ட்டோ ஹுவான்டொரெனா 1:43.50 என்று உலக சாதனையோடு வென்றார். ஸ்ரீராம் சிங் 1:45.77-இல் ஏழாவது. அந்த நேரம் 2018-இல் ஜின்சன் ஜான்சன் முறியடிக்கும்வரை நாற்பது ஆண்டுக்கு மேல் தேசிய சாதனையாக நின்றது. நேரத்துக்காக ஓடியவருக்கு நேரம் கிடைத்தது; பின்னால் காத்திருந்தவருக்குப் பதக்கம் கிடைத்தது. முன்னே ஓடுபவர் காற்றையும் சுமக்கிறார், வேகத்தை முடிவு செய்யும் பொறுப்பையும் சுமக்கிறார். முன்வரிசையில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ, வெளித்தோளில் இருப்பவர் இரண்டையும் சுமக்காமல் முன்னிருப்பவருக்குள்ள சுதந்திரத்தில் பெரும்பகுதியைப் பெற்றுவிடுகிறார்.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும். கடைசி ஆளாக ஓடி ஜெயித்தவர்கள் இல்லையா? 1972 மியூனிக்கில் வெள்ளைத் தொப்பியோடு ஓடிய டேவ் வாட்டில் முதல் சுற்றில் எல்லோருக்கும் பின்னால் கிடந்து, கடைசியில் சோவியத் ஓட்டக்காரர் யெவ்ஹென் அர்ழனோவை 0.03 விநாடியில் முந்தித் தங்கம் வாங்கினார். பின்னால் பதுங்குவதற்கான சான்றாக இதைக் காட்டுவது வழக்கம். வாட்டிலின் 200 மீட்டர் கணக்குகளைப் பார்த்தால் கதை வேறு. நான்கு பகுதிகளையும் ஏறக்குறைய 26 விநாடி சொச்சத்தில், கிட்டத்தட்ட ஒரே சீராக ஓடியிருக்கிறார். மற்றவர்கள் ஆரம்பத்தில் வாரி இறைத்துவிட்டுக் கடைசியில் தளர்ந்தார்கள். அவர் பதுங்கவில்லை, மற்றவர்கள் அவசரப்பட்டார்கள். வேகமான பந்தயத்தில் பின்னால் இருப்பது சிக்கனம். அரையிறுதிகளில் அடிக்கடி காண்பதுபோல் முதல் சுற்று ஆமை வேகத்தில் போனால் அதே இடம் பொறியாகிவிடும். ஏனென்றால் தளர்ந்து விழ யாரும் இருக்கமாட்டார்கள். எல்லோருமே கடைசி 300 மீட்டரை முழு வேகத்தில் ஓடுவார்கள். கடைசியில் இருப்பவர் முன்னால் இருப்பவர்களைவிட அதிகத் தூரத்தை, அதிக வேகத்தில், வெளிப்பாதையில் ஓட வேண்டியிருக்கும்.

மூன்றாவது மறுப்பைப் பொதுவாக ரசிகர்கள் எழுப்புகிறார்கள். உலகத்தின் சிறந்த ஓட்டக்காரர்கள் நடந்துபோவதுபோல் ஓடிவிட்டுக் கடைசியில் மட்டும் பாய்வது பார்க்க வந்தவர்களை ஏமாற்றுவதில்லையா? இந்தக் குற்றச்சாட்டுக்கு 2016 ரியோ 1500 மீட்டர் இறுதியை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அமெரிக்காவின் மாத்யூ சென்ட்ரோவிட்ஸ் வென்ற நேரம் 3:50.00, 1932-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இத்தனை மெதுவாக யாரும் தங்கம் வாங்கியதில்லை. சில வாரம் கழித்து அதே ஊரில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான பாராலிம்பிக் 1500 மீட்டரில் அல்ஜீரியாவின் அப்துல்லதீஃப் பாக்கா 3:48.29-இல் வென்றார், அந்தப் பந்தயத்தில் முதல் நான்கு பேருமே சென்ட்ரோவிட்ஸைவிட வேகம். உலகமே வியந்தது, சிலர் சிரித்தார்கள். ஆனால் சென்ட்ரோவிட்ஸின் கடைசி 400 மீட்டரைத் தனியே அளந்தால் 50.62 விநாடி. அவர் ஏறக்குறைய பந்தயம் முழுவதும் முன்வரிசையிலேயே, உள்ளே யாரும் நுழையாதபடி இருந்துகொண்டு அந்த ஓட்டத்தை ஓடினார். பின்னால் இருந்தவர்களில் அவரைவிட வேகமான நேரம் கைவசம் உள்ளவர்கள் பலர். அவர்களால் அவரை அடைய முடியவில்லை. மெதுவான பந்தயம் சோம்பேறித்தனத்தின் அடையாளம் என்றால் ஒருவராவது முன்னால் போய் வேகத்தைக் கூட்டியிருக்க வேண்டும். யாரும் அந்த விலையைத் தர முன்வரவில்லை, ஒருவர் மட்டும் இடத்தைப் பிடித்து வைத்திருந்தார் என்பதே நடந்தது.

சேமிப்பு எல்லை மீறியதும் உண்டு. லண்டன் 2012-இல் அல்ஜீரியாவின் தவ்ஃபீக் மக்லூஃபி 1500 மீட்டர் இறுதிக்குத் தகுதி பெற்றிருந்த நிலையில் மறுநாள் 800 மீட்டர் முதல் சுற்றிலும் இறங்க வேண்டியிருந்தது. சிறிது தூரம் ஓடிவிட்டு நின்றுவிட்டார். மெய்யாக முயற்சி செய்யவில்லை என்று நடுவர் அவரை ஒலிம்பிக்கிலிருந்தே விலக்கினார். பிறகு மருத்துவச் சான்றிதழ் ஏற்கப்பட்டு விலக்கல் ரத்தானது. அடுத்த நாள் 1500 மீட்டரில் தங்கம் வென்றார். முயற்சியே செய்யாமல் இருப்பதை விதி தண்டிக்கிறது, கணக்காக முயற்சி செய்வதை அனுமதிக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு மெல்லியதுதான். ஆனாலும் அந்தக் கோடு இருப்பதால்தான் சுற்றுப் போட்டிகள் நடத்த முடிகிறது. ஒவ்வொரு சுற்றையும் இறுதிபோல் ஓடச் சொல்வது பெரும்பாலானவர்களின் உடல் தாங்காத விஷயம். 1984 லாஸ் ஏஞ்சலிஸில் பிரேசிலின் ஜோக்கிம் குரூஸ் நான்கு சுற்றிலும் சுற்றுக்குச் சுற்று வேகத்தைக் கூட்டி, 1:43.00 என்ற ஒலிம்பிக் சாதனையோடு 800 மீட்டரை வென்றார். அபூர்வமான திறமை. அவரேகூட 1500 மீட்டர் அரையிறுதிக்கு முன் உடல்நலம் குன்றி விலகிக்கொண்டார்.

கடைசி மறுப்பு அதிர்ஷ்டத்தைப் பற்றியது. இதுதான் எல்லாவற்றிலும் வலுவானது. என்னதான் இடம் பிடித்தாலும், முன்னால் ஓடுபவர் கால் தடுக்கினால்? 1972-இல் 1500 மீட்டர் உலக சாதனையாளர் ஜிம் ரியுன் முதல் சுற்றிலேயே மோதி விழுந்தார். அவருடைய ஒலிம்பிக் அத்தோடு முடிந்தது. 2021 டோக்கியோ 800 மீட்டர் அரையிறுதியில் கடைசி வளைவில் அமெரிக்காவின் இசையா ஜூவெட்டும் போட்ஸ்வானாவின் நிஜெல் அமோஸும் மோதி விழுந்தார்கள். ஒருவரை ஒருவர் கைகொடுத்து எழுப்பிவிட்டு, தோளில் கை போட்டபடி சேர்ந்தே எல்லைக்கோட்டைக் கடந்தார்கள். மேல்முறையீட்டுக்குப் பிறகு அமோஸ் மட்டும் இறுதியில் சேர்க்கப்பட்டார். எட்டுப் பேர் ஓட வேண்டிய இறுதியில் ஒன்பது பேர் ஓடினார்கள். விபத்து என்பது முழுக்கத் தற்செயல் என்று எடுத்துக்கொண்டாலும், அது எங்கே நடக்கிறது என்று கவனிக்க வேண்டும். நெருக்கமான கூட்டத்தில், வேகம் திடீரென்று மாறும் தருணத்தில்தான் பெரும்பாலும் கால்கள் பின்னிக்கொள்கின்றன. வெளித்தோளில் இடம் வைத்திருப்பவருக்கு ஆபத்து இல்லாமல் போய்விடாது, குறையும். அதற்கு மேல் நடப்பதைச் சரிசெய்யத்தான் மேல்முறையீட்டுக் குழு. 2009 பெர்லின் இறுதியிலும் இப்படித்தான் பத்துப் பேர் ஓடினார்கள். தற்செயலுக்கு நிவாரணம் உண்டு. தவறான இடத்தில் நின்றதற்கு நிவாரணம் கிடையாது.

இந்தக் கோணத்தில் பார்த்தால் 1500 மீட்டரில் நேரக் கணக்கை நீக்கியது நல்ல முடிவு. நேரத்தால் தகுதி என்ற ஏற்பாட்டில் முதல் அரையிறுதியில் ஓடுபவருக்கு எந்த நேரம் போதும் என்று தெரியாது. கடைசி அரையிறுதியில் ஓடுபவருக்கு நூறில் ஒரு பங்கு விநாடி வரை தெரியும். மழையோ காற்றோ இடையில் வந்தால் ஏற்றத்தாழ்வு இன்னும் கூடும். தவிர, நல்ல நேரம் என்பதே அந்தக் கூட்டத்தைப் பொறுத்தது. லண்டன் 2012-இல் இந்தியாவின் டின்டு லூக்கா 800 மீட்டர் அரையிறுதியை இரண்டு நிமிடத்துக்குள், 1:59.69-இல் ஓடியும் ஆறாவதுதான். யாரோடு ஓடினோம், அவர்கள் எந்த வேகத்தில் இழுத்தார்கள் என்பதுதான் கடிகாரத்தில் பாதியை எழுதுகிறது. நேரமுறை ஓட்டத்தை வேகப்படுத்துகிறது என்பது அதன் ஆதரவாளர்கள் சொல்லும் காரணம். சில சமயம் உண்மைதான். ஆனால் சக போட்டியாளரை ஜெயிக்க வேண்டிய பந்தயத்தில், அங்கே இல்லாத, ஏற்கெனவே ஓடி முடித்துவிட்ட ஒருவரோடு போட்டிபோட வைப்பது சாம்பியன்ஷிப்பின் தன்மைக்குப் பொருந்தவில்லை.

800 மீட்டரில் மட்டும் அந்தப் பழைய முறை நீடிப்பதற்கு எண்கணிதம்தான் சாக்கு: மூன்று அரையிறுதியிலிருந்து எட்டுப் பேரைச் சமமாகப் பிரிக்க முடியாது. ஆனால் டோக்கியோவில் ஒன்பது பேரும் பெர்லினில் பத்துப் பேரும் இறுதியில் ஓடியிருக்கிறார்கள். முதல் வளைவுக்குப் பிறகு பாதை பிரித்து ஓடாத பந்தயத்தில், ஒரு பாதையில் இருவரை நிறுத்துவதற்கும் விதி இடம் கொடுக்கிறது. ஒவ்வோர் அரையிறுதியிலிருந்தும் முதல் மூன்று பேர், மொத்தம் ஒன்பது பேர் என்று வைத்துவிட்டால் சின்ன க்யூ எழுத்துக்கே வேலை இல்லை. மூன்றாவதாக வருபவர் அடுத்த கூட்டத்தின் நேரத்துக்காக அரங்கத்தின் பெரிய திரையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. அதுவரை, அரையிறுதி பார்க்க உட்காருகிறவர்கள் கடிகாரத்தை விட்டுவிட்டு, கடைசிச் சுற்று மணி அடிக்கும்போது யார் யார் முன்வரிசையின் வெளித்தோளில் இருக்கிறார்கள், யார் உள்விளிம்பில் அடைபட்டிருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தால் போதும். இறுதிப் பட்டியலில் பெரும்பகுதியை அப்போதே எழுதிவிடலாம்.